மேற்கோள் கணக்கப்பிள்ளைகள்

சென்ற இதழில் நண்பர் எழுதிய கட்டுரைக்குப் பதில் எழுத வேண்டாமென்றுதான் முதலில் இருந்தேன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தப் பத்திரிகையை வாசிக்கிற சொற்பப் பேருக்கும் அவர் யார் என்று தெரியும். தமிழ் விமர்சனம் சொந்த அபிப்பிராயங்களின் குப்பைமேடாகிவிட்டது, புறவயமான அளவுகோல் ஒன்று வேண்டும், ஒரு கட்டுரையோ கவிதைத் தொகுப்போ பிறரால் எத்தனை தடவை குறிப்பிடப்படுகிறது என்று எண்ணி அட்டவணை போடுவதே அந்த அளவுகோல் என்பது அவர் வாதம். யாராவது ஒரு துறைத்தலைவர் இதைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நண்பர் அப்படிப்பட்டவரல்ல. ஒரு கவிதையில் ஒரு சொல் ஏன் பொய்யாக இருக்கிறது என்பதை இரண்டு பக்கம் எழுதிக் காட்டக்கூடியவர். அவரே இப்படிச் சொல்வதால்தான் இது விஷயமாகிறது.

தன் கட்சிக்கு அவர் அழைத்திருக்கும் சாட்சி கணிதத் தர்க்கவியல். தர்க்கத்தையே தொழிலாகக் கொண்டவர்களே தங்கள் பத்திரிகைகளை ‘இம்பாக்ட் ஃபாக்டர்’ என்ற எண்ணால் வரிசைப்படுத்திக்கொள்கிறார்கள், ‘ஜர்னல் ஆஃப் ஸிம்பாலிக் லாஜிக்’கூட அந்த அட்டவணையில் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, நாமென்ன அவர்களைவிடக் கறாரானவர்களா என்று கேட்கிறார்.

வரிசைப்படுத்திக்கொள்கிறார்கள் என்பது தவறு. வரிசைப்படுத்தப்படுகிறார்கள். வினை மாறினால் விஷயம் தலைகீழாகிவிடுகிறது.

நான் கணிதக்காரனல்ல. ஆங்கில பி.ஏ. படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவன். அந்தப் பத்திரிகையின் நிரூபணங்களில் முதல் பக்கத்தைத் தாண்டினால் எனக்கு மூச்சு முட்டும். ஆனால் அதன் பழைய இதழ்களில் பின்பக்கத்து மதிப்புரைகளைக் கொஞ்ச காலமாகப் பார்த்து வருகிறேன். நண்பர் அட்டவணையைப் பார்த்திருக்கிறார், பத்திரிகையைப் பார்க்கவில்லை என்று சந்தேகிக்கிறேன்.

முதலில் அந்த எண். ஒரு பத்திரிகைக்கு 2010ஆம் வருஷத்து இம்பாக்ட் எண் வேண்டுமென்றால், 2008லும் 2009லும் அது வெளியிட்டவற்றை 2010ல் பிறர் எத்தனை தடவை குறிப்பிட்டார்கள் என்று எண்ணி, அந்த இரண்டு வருஷங்களில் அது வெளியிட்ட கட்டுரைகளின் தொகையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பையன் போடும் கணக்கு. இதற்குள் ஒளிந்திருப்பது ஒரே ஒரு அபிப்பிராயம்: ஒரு சிந்தனையின் ஆயுள் இரண்டு வருஷம். அபிப்பிராயங்களிலிருந்து தப்பி ஓடிய நண்பர் நேராகப் போய் இதன் மடியில் விழுந்திருக்கிறார்.

மருத்துவ ஆராய்ச்சியில் இந்த அபிப்பிராயத்துக்கு ஏதாவது நியாயம் இருக்கலாம். தர்க்கவியலில் இது அபத்தம். 1957ல் வில்லியம் க்ரெய்க் இதே பத்திரிகையில் ஒரு தேற்றத்தின் உபயோகங்களைப் பற்றி எழுதினார். ஒரு கூற்றிலிருந்து இன்னொரு கூற்று தர்க்கரீதியாகப் பின்தொடருமானால், இரண்டுக்கும் பொதுவான சொற்களை மட்டும் வைத்து நடுவில் மூன்றாவது கூற்று ஒன்றை நிறுத்த முடியும். முதலாவதிலிருந்து நடுக்கூற்று வரும், நடுக்கூற்றிலிருந்து இரண்டாவது வரும். இதுதான் அந்தத் தேற்றம். சொல்லும்போது எளிமையாக, ஏன், கொஞ்சம் வீணானதாகக்கூடத் தோன்றுகிறது. தர்க்கவியலாளர்கள் தங்களுக்குள் இதைப் போற்றி வந்தார்கள். 2003ல் கென்னத் மக்மில்லன் என்பவர், கணினிச் சுற்றுகளின் வடிவமைப்பில் பிழை உண்டா என்று யந்திரமே சோதித்துச் சொல்லும் ஒரு முறைக்கு, அந்த நடுக்கூற்றை எடுத்துப் பயன்படுத்தினார். இடையில் 46 வருஷங்கள். நண்பரின் அளவுகோல் 1959 டிசம்பரோடு க்ரெய்கின் கணக்கை முடித்துப் பேரேட்டை மூடியிருக்கும்.

ஸால் க்ரிப்கெ விஷயமும் இதுவே. பள்ளிப் பையனாக இருந்தபோது யோசித்ததை 1959ல் இதே பத்திரிகையில் வெளியிட்டார். அவசியம், சாத்தியம் என்ற கருத்துகளுக்கான தர்க்கம் பற்றிய நிரூபணம் அது. அன்று அது தத்துவக்காரர்களின் விளையாட்டு. கணினி நிரல்கள் சரியாக இயங்குமா என்று ஆராய 1977ல் அமிர் ப்னூலி காலம் சார்ந்த தர்க்கத்தைக் கொண்டுவந்த பிறகு, அந்தப் பையனின் பெயர் கணினிக்காரர்களின் அன்றாடச் சொல்லாகிவிட்டது. ‘க்ரிப்கெ அமைப்பு’ என்று எழுதும் பொறியாளர்களில் எத்தனை பேர் 1959ஆம் வருஷத்து இதழைப் புரட்டியிருப்பார்கள்? அடிக்குறிப்பில் அவர் பெயரைப் போட வேண்டுமென்றுகூட அவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஒரு சிந்தனை முழுவதுமாக ஜெயித்துவிட்டால் அதை யாரும் மேற்கோள் காட்டமாட்டார்கள், சும்மா பயன்படுத்துவார்கள். யாப்பு தெரிந்தவன் எழுதும்போது தொல்காப்பியத்துக்கு அடிக்குறிப்பு போடுகிறானா?

இதெல்லாம் என் கற்பனையல்ல. உலகக் கணிதச் சங்கம் வேறு இரண்டு சங்கங்களோடு சேர்ந்து நியமித்த குழு ஒன்று 2008ல் மேற்கோள் புள்ளிவிவரங்களைப் பற்றி ஓர் அறிக்கை தந்தது. கணிதப் பத்திரிகைகள் பெறும் மேற்கோள்களில் சுமார் 90 சதவீதம் அந்த இரண்டு வருஷ ஜன்னலுக்கு வெளியே விழுகின்றன என்று அதில் இருக்கிறது. மிச்சமிருக்கும் பத்தை வைத்துக்கொண்டுதான் தரவரிசை. அதே அறிக்கையில் இன்னொரு கணக்கு. அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் ‘ட்ரான்ஸாக்‌ஷன்’ஸுக்கு இம்பாக்ட் எண் அதே சங்கத்தின் ‘ப்ரொஸீடிங்’ஸைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டுரையை உருவினால், மட்டமானதாகச் சொல்லப்படும் ப்ரொஸீடிங்ஸ் கட்டுரை மற்றதற்குச் சமமாகவோ அதிகமாகவோ மேற்கோள் பெற்றிருக்க 62 சதவீதம் வாய்ப்பு. பெரும்பாலான கட்டுரைகளுக்கு எதுவுமே கிடைப்பதில்லை, சராசரியைத் தூக்கிப் பிடிப்பவை ஒன்றிரண்டுதான் என்பதால் வரும் விசித்திரம் இது. பத்திரிகையின் எண்ணைப் பார்த்துக் கட்டுரையை எடைபோடுகிறவன் பாதிக்கு மேல் தவறுகிறான். நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தால் இதைவிடத் தேவலை. நண்பர் சாட்சிக்கு அழைத்தவர்கள் கோர்ட்டில் ஏற்கெனவே எதிர்க்கட்சிக்கு வாக்குமூலம் கொடுத்தாகிவிட்டது.

அதிகமாக மேற்கோள் பெற்றதை எடுத்துக்கொண்டால்தான் என்ன? ஸிம்பாலிக் லாஜிக் பத்திரிகையில் மிக அதிகமாகக் குறிப்பிடப்படும் கட்டுரைகளில் ஒன்று 1985ல் அல்ச்சூரோன், யார்டென்ஃபோர்ஷ், மகின்ஸன் மூவரும் எழுதியது. நாம் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கைவிட நேர்ந்தால் அதோடு வேறு எவற்றையெல்லாம் கைவிட வேண்டியிருக்கும் என்பது கேள்வி. அல்ச்சூரோன் ப்யூனோஸ் ஏர்ஸில் சட்டத் தத்துவம் செய்தவர். சட்டத் தொகுப்பிலிருந்து ஒரு ஷரத்தை நீக்கினால் மிச்சம் என்ன ஆகும் என்ற கவலையிலிருந்து வந்தவர். அழகான கட்டுரை என்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் அதைக் குறிப்பிடுகிறவர்களில் பெரும்பகுதி செயற்கை அறிவுக்காரர்களும் தத்துவக்காரர்களும். அதே பத்திரிகையில் முடிவிலிகளைப் பற்றி எழுதும் கணக்கோட்பாட்டாளனுக்கு உலகத்தில் வாசகர் சில டஜன் பேர் இருந்தால் அதிகம். பக்கத்துத் தெரு பெரியது என்பதற்காக ஒரு கட்டுரை உயர்ந்ததாகவும் பக்கத்துத் தெருவே இல்லை என்பதற்காக இன்னொன்று தாழ்ந்ததாகவும் ஆகுமா? எண்ணிக்கை அளப்பது அக்கம்பக்கத்து ஜனத்தொகையை.

இங்கே கோடெலை இழுத்து வருவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். சிறு பத்திரிகையில் கோடெல் வராத தத்துவக் கட்டுரை அபூர்வம். நிரூபிக்க முடியாத உண்மைகள் உண்டு, ஆகவே கவிதை உயர்ந்தது என்ற அசட்டு வாதத்தை நான் செய்யப் போவதில்லை. வேறொன்று சொல்கிறேன். 1931ல் கோடெலும் வாக்கியங்களுக்கு எண் கொடுத்தார். ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண், அவற்றைப் பகா எண்களின் அடுக்குகளாக்கிப் பெருக்கி வாக்கியத்துக்கு ஓர் எண். அந்த எண்ணைக் கையில் கொடுத்தால் அதைப் பகுத்து, வாக்கியத்தை எழுத்து பிசகாமல் திரும்ப எழுதிவிடலாம். எண்ணுக்குள் வாக்கியம் முழுசாக உயிரோடு இருக்கிறது. இம்பாக்ட் எண்ணைக் கையில் கொடுத்து, இதிலிருந்து ஏதாவது ஒரு கட்டுரையின் ஒரு வரியைத் திரும்ப எடு என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

மேற்கோள் எண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை நண்பர் விசாரித்திருக்கலாம். யூஜீன் கார்ஃபீல்ட் 1955ல் ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் இதை முன்மொழிந்தபோது முன்மாதிரியாக வைத்தது அமெரிக்க வக்கீல்கள் 1873லிருந்து பயன்படுத்தி வந்த ஷெப்பர்ட் அட்டவணைகளை. வக்கீலுக்கு ஒரு பழைய தீர்ப்பு இன்றும் நிற்கிறதா என்று தெரிய வேண்டும். பிற்காலத் தீர்ப்புகளில் அது எங்கெங்கே குறிப்பிடப்பட்டது என்று ஷெப்பர்ட் சொல்லும். அதோடு நிற்காது. பின்பற்றப்பட்டதா, வேறுபடுத்தப்பட்டதா, ரத்து செய்யப்பட்டதா என்பதற்கு ஒவ்வோர் எழுத்தைப் பக்கத்தில் போட்டிருக்கும். கார்ஃபீல்டின் ஆரம்ப நோக்கமும் அதற்கு அருகில் இருந்ததுதான்: ஒரு கட்டுரை பின்னால் மறுக்கப்பட்டிருப்பது தெரியாமல் ஜனங்கள் அதை மேற்கோள் காட்டிக்கொண்டே போவதைத் தடுப்பது. அறிவியலுக்கு அட்டவணை வந்தபோது அந்த ஓர் எழுத்து காணாமல் போயிற்று. பின்பற்றியவனும் ஒன்று, உடைத்தவனும் ஒன்று, படிக்காமல் பெயரைப் போட்டவனும் ஒன்று. அந்த ஓர் எழுத்துதான் விமர்சனம். அதை உதிர்த்துவிட்டு மிச்சத்தைக் கூட்டுகிறார்கள், அந்தக் கூட்டலை விமர்சனத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார் நண்பர்.

அந்த எழுத்தை உதிர்க்காத ஓர் இடம் இருந்தது. அது நண்பர் அட்டவணையில் மட்டும் பார்த்த இதே பத்திரிகை. 1936 மார்ச்சில் முதல் இதழ் வந்தது. அந்த வருஷமே நான்காம் இதழில் அலான்ஸோ சர்ச் 1666 முதல் 1935 வரை குறியீட்டுத் தர்க்கத்தில் எழுதப்பட்டவற்றுக்கு ஒரு நூற்பட்டியல் வெளியிட்டார். லைப்னிட்ஸிலிருந்து ஆரம்பம். விட்டுப்போனவற்றையும் பிழைகளையும் 1938ல் திருத்திப் போட்டார். பிறகு அந்தத் துறையில் வெளிவருபவற்றை மதிப்புரைக்கும் பொறுப்பு. 1936லிருந்து 1979வரை மதிப்புரைப் பகுதியின் ஆசிரியர் அவர். 43 வருஷங்கள். தேற்றங்கள் கண்ட மனிதர், ட்யூரிங்குக்கு ஆசான், அவர் உட்கார்ந்து அடுத்தவன் புத்தகத்தில் எத்தனையாவது பக்கத்தில் குறி தப்பாக அச்சாகியிருக்கிறது என்பதை எழுதிக்கொண்டிருந்தார். நம்மில் யார் இதைச் செய்வோம்?

ஒரு மதிப்புரையை மட்டும் சொல்கிறேன். எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும் அது நிரூபிக்கத்தக்கதா என்று இயந்திரகதியில் தீர்மானிக்கும் பொதுமுறை ஒன்று உண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்ற விடையை 1936ல் சர்ச் வெளியிட்டார். அதே பத்திரிகையின் முதல் தொகுதியில் இரண்டே பக்கக் குறிப்பு. கேம்ப்ரிட்ஜில் இருந்த ஆலன் ட்யூரிங் என்ற பையன் தனியாக அதே விடைக்கு வேறு பாதையில் வந்து சேர்ந்திருந்தான். காகித நாடாவில் குறிகளை எழுதியும் அழித்தும் நகரும் ஒரு கற்பனை யந்திரம் அவன் பாதை. லண்டன் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் அது வெளிவந்தது. 1937ல் அதற்கு மதிப்புரை எழுதியவர் சர்ச்சேதான். போட்டியாளனின் கட்டுரை. முந்திக்கொண்டவர் தான். ‘இதே முடிவு ஏற்கெனவே என்னால்’ என்று ஒரு வாக்கியத்தில் முடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சர்ச் என்ன செய்தார்? தன்னுடைய கருத்தும் கோடெலின் கருத்தும் இந்தப் பையனின் கருத்தும் ஒன்றுக்கொன்று சமம் என்று சொல்லிவிட்டு, கணக்கிடுதல் என்று நாம் சாதாரணமாகப் புரிந்துகொள்வதோடு இது ஒத்துப்போகிறது என்பது உடனே பளிச்சென்று தெரிவது ட்யூரிங்கின் வழியில்தான் என்று எழுதினார். தன் வழியைவிட அது மேல் என்று, தன் பத்திரிகையிலேயே. ‘ட்யூரிங் யந்திரம்’ என்ற பெயரே அந்த மதிப்புரையில்தான் பிறந்தது. ட்யூரிங்குக்கு அப்போது 24 வயது.

அந்த ஒரு பத்திக்கு மேற்கோள் கணக்கில் என்ன மதிப்பு? ஒன்று. அரைகுறையாகப் பெயர் போட்ட ஓர் அடிக்குறிப்புக்கும் ஒன்றுதான்.

நண்பர் இதற்கு என்ன சொல்வார் என்று தெரியும். சர்ச் ஒரு சர்ச். இங்கே இருப்பது கோஷ்டி. தன் கோஷ்டிக்காரன் எழுதினால் மகாகவி, அடுத்த கோஷ்டி என்றால் மௌனம். எண்ணிக்கை வந்தால் கோஷ்டி ஒழியும். இந்த வாதத்தில் இருக்கும் வலியை மறுக்கமாட்டேன். தர்க்கவியலும் சின்ன வட்டம்தான், அங்கும் காது கேளாமை உண்டு. ஃப்ரெகெயின் 1879 புத்தகத்தை அன்றைய பெரியவர்கள் புரிந்துகொள்ளவில்லை. தன் பெரிய நூலின் இரண்டாம் பாகத்தை 1903ல் அவர் கைக்காசு போட்டு அச்சிட்டார் (நம் நண்பர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்). எமில் போஸ்ட் இந்த விஷயங்களை 1921 வாக்கிலேயே ஏறக்குறைய கண்டுவிட்டார். அதைச் சொல்லும் கட்டுரை அச்சில் வந்தது 1965ல், அவர் செத்து 11 வருஷம் கழித்து. ஆனால் இவர்களில் யாரை எண்ணிக்கை காப்பாற்றியிருக்கும்? ஃப்ரெகெக்கு அன்று கிடைத்திருக்கக்கூடிய எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். அவரைக் காப்பாற்றியது, உட்கார்ந்து படித்து, 1902ல் அவர் அஸ்திவாரத்தில் விரிசல் இருக்கிறது என்று கடிதம் எழுதிய ரஸ்ஸல்.

எண்ணிக்கை கோஷ்டியை ஒழிக்காது, அதற்குச் சம்பளம் கொடுக்கும். பயன்பாட்டுக் கணிதப் பத்திரிகை ஒன்று 2006லிருந்து 2009வரை நான்கு வருஷம் தன் பிரிவில் இம்பாக்ட் எண்ணில் முதலிடத்தில் இருந்தது. டக்ளஸ் ஆர்னால்டும் கிறிஸ்டின் ஃபௌலரும் 2011ல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் ‘நோட்டீஸஸ்’ இதழில் அதைப் பிரித்துக் காட்டினார்கள். மேற்கோள்களில் பெரும்பங்கு அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவினரிடமிருந்தும் அவர்கள் சம்பந்தப்பட்ட வெளியீடுகளிலிருந்தும் வந்தவை, அதுவும் குறிபார்த்து அந்த இரண்டு வருஷ ஜன்னலுக்குள் விழுந்தவை. இது முற்றி, மேற்கோள் எண்ணுவதையே வியாபாரமாகக் கொண்ட க்ளாரிவேட் கம்பெனி 2023ல் தன்னுடைய அதிக மேற்கோள் பெற்ற ஆராய்ச்சியாளர் பட்டியலிலிருந்து கணிதம் என்ற பிரிவையே எடுத்துவிட்டது. கடைக்காரனே தராசைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டான். நண்பர் அதை விலைக்கு வாங்கப் போகிறார்.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. வங்கியில் மார்ச் 31 பார்த்தவன் நான். அன்று மாலைக்குள் கிளையின் டெபாஸிட் இன்ன கோடியைத் தொட வேண்டுமென்று மேலேயிருந்து சொல்லிவிட்டால், தொடும். தெரிந்த வாடிக்கையாளர்களிடம் சொல்லி, கடனைக் கொடுத்து அதையே டெபாஸிட்டாகப் போட்டு, எப்படியாவது தொடும். ஏப்ரல் முதல் வாரத்தில் பணம் வந்த வழியே போய்விடும். எண் மட்டும் இருக்கும், கண்ணாடிச் சட்டத்துக்குள். இதில் திருட்டு என்று எதுவும் கிடையாது. எல்லா வவுச்சரும் சரியாக இருக்கும். ஒவ்வொரு வவுச்சரையும் நானே சரிபார்த்திருக்கிறேன்.

நண்பர் ஏன் இந்தப் பக்கம் திரும்பினார் என்பது எனக்குத் தெரியாததல்ல, சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. அவர் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவர். பல்கலைக்கழக மானியக்குழு 2010ல் கொண்டுவந்த விதிகள் ஆசிரியர்களின் உழைப்பைப் புள்ளிகளாக்கின. கட்டுரைக்கு இத்தனை, பத்திரிகையின் இம்பாக்ட் எண் ஒன்றுக்கு மேல் இருந்தால் கூடுதலாக இத்தனை. ஸிம்பாலிக் லாஜிக் பத்திரிகையின் எண் வருஷக்கணக்காக ஒன்றுக்குக் கீழேயே இருந்து வந்தது. அதாவது சர்ச்சும் க்ரிப்கெயும் க்ரெய்கும் எழுதிய இடத்தில் ஒருவர் எழுதினால் அந்தக் கூடுதல் புள்ளி கிடையாது. பிறகு விதி மாறியது, அங்கீகரிக்கப்பட்ட பத்திரிகைகளின் பட்டியல் வந்தது, 2025ல் அந்தப் பட்டியலும் போயிற்று. இதற்கிடையில் கருத்தரங்கு மலர்கள் செங்கல் கனத்தில் எத்தனை வந்தன, அவற்றில் ஒருவருக்கொருவர் எப்படி மேற்கோள் மொய் எழுதிக்கொண்டார்கள் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த மலர்களைப் பற்றி அவரே இந்தப் பக்கங்களில் கிண்டலாக எழுதியிருக்கிறார். இந்தப் பத்திரிகையில் அவர் எழுதிய எதுவும் அவருக்கு ஒரு புள்ளி வாங்கித் தரவில்லை. பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. இது அநியாயம். இந்த அநியாயத்துக்கு மருந்து அநியாயம் செய்தவனின் பேரேட்டை நம் வீட்டுக்கும் கொண்டுவருவது என்று அவர் நினைப்பதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

கடைசியாக ஒன்று. நமக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் முதல் கவிதைத் தொகுப்பை மதிப்புரைக்காக இந்தப் பத்திரிகை நண்பருக்கு அனுப்பி ஒன்றரை வருஷமாகிறது. இதுவரை எங்கும் அதை யாரும் குறிப்பிடவில்லை. அவருடைய அட்டவணையில் அதற்குப் பூஜ்யம் என்று போட வேண்டும். நான் அதைப் படித்தேன். முதல் பாதியில் பாசாங்கு அதிகம், பின்பாதியில் ஆறேழு கவிதைகள் உண்மையானவை, அவற்றில் ஒன்றின் கடைசி இரண்டு வரிகள் வேண்டாதவை என்பது என் எண்ணம். அவர் வேறுவிதமாக நினைக்கலாம். அதை எழுதட்டும். எழுத முடியாதென்றால் புத்தகத்தை எனக்குத் தபாலில் அனுப்பிவிடட்டும், நானிருக்கும் கிளை முகவரி அவரிடம் இருக்கிறது.